அவருக்குக் கேட்ட பாட்டுகள்

நோர்வேயில், பியோர்ண்டால் என்ற புறநகரில் நாங்கள் மூன்று பேர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்தோம். கீழ் மாடியில் ஒரு நோர்வேஜிய மூதாட்டி இருந்தார். எங்களைப் படிக்கட்டில் காணும்போதெல்லாம் விரலை நீட்டி ஏதோ சொல்லுவார். சொல்லச் சொல்ல அவர் முகம் சிவக்கும். நானும் மற்ற நண்பனும் தலையைக் குனிந்துகொண்டு படியேறிவிடுவோம். எங்கள் மூவரில் மூத்தவரான அண்ணை மட்டும் நின்று கடைசிவரை கேட்பார். கேட்டு முடிந்ததும் நெஞ்சில் கையை வைத்து, "தக், தக்" என்று நன்றி சொல்லிவிட்டு மேலே வருவார்.

"என்னவாம் அண்ணை?"

"பாவமடா தம்பி, தனிச்ச மனுசி. நாங்கள் வேலையாலை பிந்தி வந்தால் நித்திரை கொள்ளாமல் முழிச்சுக்கொண்டு கிடக்கிறாவாம்."

எங்களுடைய காலடிச் சத்தத்தால் தன்னுடைய நித்திரை கெடுகிறது என்பதைத்தான் அந்த அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த எனக்கு அது விளங்கியது. அண்ணைக்கு 'நித்திரை', 'வருகிறீர்கள்' என்ற இரண்டு சொற்கள்தான் பிடிபட்டிருந்தன. இடையில் இருந்த வெளியைத் தன்னுடைய மனதால் நிரப்பிக்கொண்டார். அடுத்த ஞாயிறு கோயிலால் வந்ததும் ரோல்ஸ் செய்து, ஒரு தட்டில் அடுக்கி, கீழே கொண்டுபோய்க் கொடுத்தார். மூதாட்டி கதவைத் திறந்தபடி நீண்ட நேரம் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாராம். அதற்குப் பிறகு அவர் விரல் நீட்டவில்லை. ஒரு நாள் அதே தட்டில் வாஃபல் அடுக்கிக் கொண்டுவந்து தந்தார்.

அண்ணை அப்படித்தான். அவருடைய பெயர் இங்கே வேண்டாம். யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கேயுள்ள தீவுகளில் ஒன்றில் பிறந்தவர். மெலிந்த உயரம். கதவு நிலைகளில் தலை இடித்துவிடும் என்ற பயத்தில் எப்போதும் சற்றுக் குனிந்தே நடப்பார். தனக்கு விளங்காத எதையும் நல்லதாகவே விளங்கிக்கொள்வது அவர் சுபாவம். யாரிடமும் அர்த்தம் கேட்கமாட்டார். கேட்க வெட்கம் என்று முதலில் நினைத்தேன். வெட்கம் இல்லை. தனக்கு விளங்கிவிட்டது என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

பூக்கடை ஒன்றின் வான் வண்டியை ஓட்டுவது அவர் வேலை. பூங்கொத்துகளையும் மலர் வளையங்களையும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் முகமெல்லாம் மலர்ந்து வீட்டுக்கு வந்தார்.

"இண்டைக்கு ஒரு பொம்பிளை பூவைக் கண்டதும் அழுதிட்டா. என்னையும் கட்டிப்பிடிச்சவ. ஃபிரெட் எண்டொருத்தர் அனுப்பின பூ. நாடாவிலை பெரிசாப் பேர் போட்டிருந்தது. எவ்வளவு அன்பெண்டால் ஒருத்தி அப்பிடி அழுவாள்?"

'வில் இ ஃபிரெட்' என்றால் 'அமைதியில் இளைப்பாறுக' என்று அர்த்தம். செத்த வீட்டுக்குப் போன வளையம் அது. நான் அதை அவருக்குச் சொன்னேன்.

"அப்ப நான் சிரிச்சுக்கொண்டெல்லோ குடுத்தனான்" என்றார். பிறகு, "எண்டாலும் கட்டிப்பிடிச்சவதானே. ஒரு ஆறுதலா இருந்திருக்கும்" என்று முடித்துவிட்டார்.

அவரிடமிருந்த ஒரே துயரம் மனைவி ஊரில் இருந்தது. திருமணம் முடித்து ஒரு வருடம் நிறையும் முன்னரே அவர் புறப்பட்டு வந்தவர். பிறகு சண்டை, யாழ்ப்பாணத்துக்கான பாதைப் பூட்டு, இங்கே வதிவிட அனுமதி கிடைப்பதற்கான காத்திருப்பு என்று வருடங்கள் ஓடிவிட்டன. நாங்கள் அக்கா என்று சொல்லும் அவர் மனைவி யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தார். நாங்கள் அவரைப் படத்தில்தான் பார்த்திருந்தோம். மேல் உதட்டில் சின்ன மச்சம், நேரே பார்க்கும் கண்கள். "கெட்டிக்காரி. இங்கிலீசிலை கவிதையெல்லாம் வாசிப்பாள்" என்று அண்ணை பெருமையாகச் சொல்லுவார். ஆனால் தொலைபேசியில் அக்காவோடு கதைக்கும்போது அவருக்குச் சொல் வராது.

"சாப்பிட்டியா? அம்மாவுக்குச் சுகமோ? அங்கை மழையோ? ஓம்... ஓம்... இஞ்சை ஸ்னோ."

கிரோன்லாண்ட் கடையில் வாங்கிய தொலைபேசி அட்டை முடியும்வரை இவ்வளவுதான். தொடர்பு அறுந்த பிறகும் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார்.

அப்போதுதான் அந்த இசைத்தட்டு வந்தது. பூக்கடை முதலாளியம்மா நத்தார்ப் பண்டிகைக்கு அவருக்குக் கொடுத்த பரிசு. முப்பது வருடங்களுக்கு மேலாகப் பாட்டு எழுதிப் பாடிவந்த ஒரு ஆங்கிலேயப் பாடகர், நீண்ட இடைவெளிக்குப் பிறகு வெளியிட்ட புதிய தொகுப்பு அது. அட்டையில் சாம்பல் நிறக் கடல். நீண்ட மேலங்கி போட்ட ஒரு மனிதர் முதுகைக் காட்டிக்கொண்டு கரையில் நிற்கிறார்.

"பாத்தியா, கடலுக்கு அங்கால ஆரோ இருக்கினம். அதுதான் பாத்துக்கொண்டு நிக்கிறார்" என்றார் அண்ணை, இன்னும் பாட்டைக் கேட்காமலேயே.

மென்மையான பாட்டுகள். கிற்றார், பியானோ, அங்கங்கே ஒரு சாக்சபோன். வயதேறிய, சற்றுக் கரகரத்த குரல். சத்தம் போடவே போடாது. பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு தரையைப் பார்த்துக் கதைப்பது மாதிரி இருக்கும். எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூட ஆங்கிலம். அந்தப் பாடகர் சொற்களை விழுங்கிப் பாடியதில் பாதிக்கு மேல் எனக்குப் பிடிபடவில்லை. அண்ணைக்கு எல்லாம் பிடிபட்டது. வானில் அதுதான் ஓடும். வீட்டில் சமைக்கும்போதும் அதுதான். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கதை வைத்திருந்தார்.

"இது அவர் வீடு திருத்திற பாட்டு. மனுசி வரப்போறா எண்டு அறை அறையா நடந்து பாக்கிறார். கேள், 'றூம்' எண்டு வருகுது."

"அடுத்தது?"

"ஸ்டேசனுக்குப் போறார். ட்ரெயின் வருகுது. அவவைக் கூட்டிக்கொண்டு வர."

கடைசிப் பாட்டில் வெறும் பியானோதான். அது வந்தால் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். "இதிலை ரெண்டு பேரும் சந்திச்சிட்டினம். அதுதான் கனக்கச் சொல் இல்லை" என்பார்.

அந்தக் கோடையில் பாதை திறந்திருந்தது. சமாதான காலம் என்று நம்பி நிறையக் குடும்பங்கள் ஊருக்குப் போய் வந்தன. லோறென்ஸ்கூக்கில் இருந்து புறப்பட்ட ஒரு குடும்பத்திடம் அண்ணை அந்த இசைத்தட்டைக் கொடுத்துவிட்டார். தனக்கு இன்னொன்று வாங்கிக்கொண்டார். அது அக்காவின் கைக்குப் போய்ச் சேர்ந்த அன்று தொலைபேசியில் அவர் சொன்னதை நான் குசினியில் நின்று கேட்டேன். அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமான பேச்சு அதற்கு முன் வந்ததில்லை.

"எனக்குக் கதைக்கத் தெரியாதெண்டு உமக்குத் தெரியும்தானே. நான் இவ்வளவு வருசமாச் சொல்ல நினைச்சது முழுக்க அதுக்குள்ளை இருக்கு. ஒவ்வொண்டா, வரிசையாக் கேளும். கேட்டாப்பிறகு எனக்குச் சொல்லும்."

அடுத்த கிழமை அவர் மறுபடி அழைத்தபோது, அட்டை முடிவதற்கு முன்னரே பேச்சு முடிந்துவிட்டது. ரிசீவரை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"கேட்டிட்டாளாம். எல்லாம் விளங்கிட்டுதாம்!"

"வேறை என்ன சொன்னவ?"

"நீங்கள் இதை முதலே சொல்லியிருக்கலாம் எண்டாள். உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ எண்டாள். அவ்வளவுதான், அழுதிட்டாள். அவளாலை கதைக்க ஏலாமப் போச்சு."

அன்று மாலை அண்ணை நண்டு வாங்கிவந்து காய்ச்சினார். கீழ் வீட்டு அம்மாவுக்கு மட்டும் உறைப்பில்லாமல் தனியாக. இவ்வளவு மகிழ்ச்சியாக அவரை நான் பார்த்ததில்லை. சமைத்துக்கொண்டே அந்தப் பாடகரோடு சேர்ந்து பாடினார், சொற்கள் இல்லாமல், மெட்டை மட்டும்.

அதற்குப் பிறகு அக்கா தொலைபேசிக்கு வரவில்லை. அக்காவின் தங்கைதான் எடுத்தாள். அக்கா கோயிலுக்குப் போய்விட்டார் என்பாள். அடுத்த முறையும் கோயில். அதற்கடுத்த முறையும் கோயில்.

"விசா கிடைக்க வேணுமெண்டு நேத்தி வைச்சிருக்கிறாள் போல" என்றார் அண்ணை.

கொழும்பில் தூதரகத்துக்கு நேர்முகத்துக்கு வரச்சொல்லி அக்காவுக்கு அழைப்பு வந்திருந்தது. அவர் போகவில்லை. காய்ச்சல் என்றாள் தங்கை.

"காய்ச்சலோடை அவ்வளவு தூரம் பஸ்ஸிலை போகாமல் விட்டது நல்லது. இன்னொரு திகதி கேக்கலாம்."

நானும் நண்பனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஏதோ சரியில்லை என்று எங்களுக்குப் பட்டது. என்னவென்று தெரியவில்லை. அண்ணையோ லோறென்ஸ்கூக்கில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துவிட்டார். கிழமை முடிவுகளில் சுவருக்கு நிறம் பூசினார். ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் போய் யன்னல் சீலை பார்த்தார். புத்தகம் வாசிக்கிறவள் என்பதற்காக ஒரு புத்தக அலுமாரி வாங்க முடிவு செய்தார்.

அந்த அலுமாரியை ஏற்றிவரத்தான் அன்று வானில் நாங்கள் மூன்று பேர் போனோம். அண்ணை, நான், எங்கள் கட்டடத்துக்குப் புதிதாக வந்திருந்த ஒரு தஞ்சாவூர்க்காரர். கணினி வேலைக்கு வந்தவர், நல்ல மனிதர். அவருக்கும் ஒரு மேசை வாங்க வேண்டியிருந்தது. நாங்கள் 'கதைப்பது' அவருக்குச் சிரிப்பு. அவர் 'பேசுவது' எங்களுக்குச் சிரிப்பு. திரும்பி வரும்போது வழக்கம்போல அந்தப் பாட்டு ஓடியது.

"அட, இந்த ஆல்பமா! என் வைஃப் ஒரு காலத்துல இதே கேட்டுட்டு இருப்பா" என்றார் தஞ்சாவூர்க்காரர். "ஆனா அண்ணே, டிரைவிங்ல எப்படிண்ணே இதக் கேக்கறீங்க? எனக்கு அழுகையே வந்துரும்."

"ஏன்? நல்ல சந்தோசமான பாட்டெல்லே" என்றார் அண்ணை.

"சந்தோஷமா? முழுக்க டைவர்ஸ்ண்ணே! அவரோட சொந்தக் கதையாம். ஒவ்வொரு பாட்டும் பொண்டாட்டிக்கு ஒரு குட்பை."

அண்ணை சிரித்தார். "இல்லை, இல்லை. இது வீடு திருத்திற பாட்டு. அறை அறையாப் போறார்."

"ரூம் ரூமாத்தான் போறாரு. அவங்க சாமான எல்லாம் எடுத்துட்டுப் போன பிறகு. வீடு காலியா இருக்கு. 'உன்ன மிஸ் பண்ணுவேன்னு நெனச்சேன், ஆனா நிம்மதியா இருக்கு'ங்கற மாதிரி ஒரு லைன் வரும். அதான் ரொம்பக் கொடுமையான லைன்."

அண்ணை வேகத்தைக் குறைத்தார்.

"ட்ரெயின் பாட்டு?"

"ஸ்டேஷன் வரைக்கும் போறாரு, டிரெயின்ல ஏறாமத் திரும்பி வந்துடறாரு. அவங்க அந்தப் பக்கம் காத்துக்கிட்டு இருப்பாங்கன்னு தெரிஞ்சும்."

"கடைசிப் பாட்டு?"

தஞ்சாவூர்க்காரர் அப்போதுதான் அண்ணையின் முகத்தைப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"விடுங்கண்ணே. பாட்டுதானே."

"சொல்லுங்கோ. கடைசிப் பாட்டு?"

"அது... 'என்ன எதிர்பார்க்காத, உன் வாழ்க்கைய நீ பாரு'ன்னு. அவ்வளவுதாண்ணே."

அண்ணை ஒரு பஸ் தரிப்பிடத்தில் வானை ஒதுக்கினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று மூவருக்கும் தோன்றவில்லை. பின்னால் வந்த பஸ் ஹோன் அடித்தது. அண்ணை அசையவில்லை. இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி, முதல் முறையாக அந்தப் பாட்டைக் கேட்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவள் இங்கிலீஸ் ரீச்சர், தம்பி" என்றார் என்னிடம். "அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்கும்."

அலுமாரியை இறக்காமலே வானைப் பூக்கடையில் விட்டுவிட்டு, விடுமுறை கேட்டு, அந்தக் கிழமையே ஊருக்குப் போனார். ஒரு மாதம் நிற்பதாகச் சொல்லிப் போனவர் பத்து நாளில் திரும்பிவிட்டார். விமான நிலையத்துக்கு நான்தான் போனேன். "என்னண்ணை?" என்று கேட்டேன். "களைப்பாக் கிடக்கு" என்றார். லோறென்ஸ்கூக் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு அவர் எல்லாவற்றுக்கும் அர்த்தம் கேட்கத் தொடங்கினார். கடைக்காரப் பெண் மிச்சக் காசோடு சேர்த்து ஏதும் சொன்னால், வெளியே வந்து, "என்னவாம்? என்னைப் பற்றியோ?" என்பார். "நல்ல நாளாக அமையட்டும்" என்றாள் என்று சொன்னாலும் நம்பமாட்டார். "அப்பிடித்தானோ? வடிவாத் தெரியுமோ?" என்பார். அவரோடு வெளியே போவதே கஷ்டமாகிவிட்டது. பூக்கடை வேலையையும் விட்டார். கொஞ்ச நாளில் தொலைவில் ஸ்தவாங்கர் பக்கம் மீன் தொழிற்சாலை ஒன்றில் வேலை என்று போய்விட்டார். நத்தாருக்கு மட்டும் ஒரு அழைப்பு வரும். பிறகு அதுவும் நின்றது.

சில வருடங்கள் கழித்து, ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் என் மகளுக்குச் சப்பாத்து வாங்கப் போனபோது அவரைக் கண்டேன். யாரோ நண்பரின் பிள்ளையின் முதல் நன்மைச் சடங்குக்கு வந்திருந்தார். தலை நரைத்திருந்தது. ஊரில் மீண்டும் சண்டை தொடங்கி, பாதை பூட்டி நீண்ட காலமாகியிருந்தது. கோப்பிக் கடையில் இருந்தோம். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

"நான் போய் இருந்து எல்லாத்தையும் சொன்னனான், தம்பி. எனக்கு அந்தப் பாட்டு விளங்கேல்லை, பிழையா விளங்கினனான் எண்டு. அவள் நம்பினாள். பொய் சொல்லுறன் எண்டு ஒரு சொல் சொல்லேல்லை."

"பிறகென்ன அண்ணை?"

"வெளிநாட்டிலை இருக்கிற ஆம்பிளையளைப் பற்றி ஊரிலை நாலு பேர் நாலு விதமாச் சொன்னவையாம். அவள் காதிலையே எடுக்கேல்லையாம். பாட்டைக் கேட்டாப்பிறகுதான் மூண்டு நாள் அழுதவளாம். பிறகு என்ன சொன்னாள் தெரியுமோ?"

அவர் கோப்பிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"'இவ்வளவு வருசமா நீங்கள் என்னட்டை மழையோ, சாப்பிட்டியோ எண்டுதான் கேட்டனீங்கள். அந்தப் பாட்டுகளைக் கேக்கேக்கைதான் முதல்முதலா என்ரை புருசன் என்னோடை மனம்விட்டுக் கதைக்கிறார் எண்டு நினைச்சன். விட்டிட்டுப் போறன் எண்டு சொன்னாலும் உண்மையாச் சொல்லுறார் எண்டு நினைச்சன். அந்த மனுசனை நான் மன்னிச்சிட்டன். இப்ப வந்து அது நான் இல்லை எண்டுறீங்கள். அப்ப நான் ஆருக்காக அழுதனான்? உங்களை எனக்குத் தெரியாதே.' அப்பிடித்தான் சொன்னாள். கோவத்திலை இல்லை. ஆறுதலாச் சொன்னாள்."

மகள் சப்பாத்துப் பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"இப்ப கதைக்கிறனீங்களோ?"

"வருசத்துக்கு ஒருக்கா. சுகமோ எண்டு கேப்பாள். சுகம் எண்டுவன். இப்ப லைனும் கிடைக்கிறேல்லை."

பிறகு எனக்குச் சொல்வது போலவும் இல்லாமல், தனக்குச் சொல்வது போலவும் இல்லாமல் தொடர்ந்தார்.

"நான் கொழும்பு பஸ் ஏறேக்கை அவள் வருவாள் எண்டு நினைக்கேல்லை. வந்தாள். ஒரு போத்தில் தண்ணியும் சாப்பிட ரெண்டு மாலுபாணும் வாங்கி யன்னலுக்குள்ளாலை தந்தாள். பஸ் வெளிக்கிடேல்லை. ட்ரைவர் தேத்தண்ணி குடிக்கப் போயிட்டான். சரியான வெய்யில். நீர் போம் எண்டு சொன்னன். தலையாட்டினாள், போகேல்லை. யன்னலடியிலையே நிண்டாள். என்ரை முகத்தைப் பாக்கிறதும், நிலத்தைப் பாக்கிறதுமா நிண்டாள்."

"ஏன் நிண்டவ?"

"நான் போறனோ எண்டு வடிவாப் பாத்துக்கொண்டு போகத்தான் நிக்கிறாள் எண்டு நினைச்சன். அப்ப எனக்கு எல்லாத்துக்கும் அப்பிடித்தான் அர்த்தம் தெரிஞ்சது. அவளைப் பாக்காமல் மற்றப் பக்கம் திரும்பி இருந்திட்டன்."

கோப்பையை மேசையில் வைத்தார்.

"இறங்கியிருக்கலாம். நேரம் இருந்தது, தம்பி. ட்ரைவர் வர நல்லாப் பிந்தினது."